வீவக வீட்டில் சிஎன்சி: முதல் பலகையிலிருந்து பல்லாங்குழி வரை

கணினி சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் சிஎன்சி இயந்திரம் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். வீட்டில் எங்கே வைப்பீர்கள்? கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள்? எந்த மாடல், என்ன விலை என்பதெல்லாம் அப்புறம்தான். தோட்டமும் கொட்டகையும் உள்ளவர்களுக்கென எழுதிய வழிகாட்டிகள் ஏராளம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டில், சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் மரம் வெட்ட ஆசைப்படுபவருக்கு அவை பாதி தூரம்தான் துணைவரும்.

நான் ஈசூனில் அப்படி ஒரு வீட்டில்தான் மூன்று ஆண்டுகளாக மரம் வெட்டிவருகிறேன். இதுவரை எனக்கு நேர்ந்த சேதம் அத்தனையும் இரண்டே காரணங்களால் வந்தது: ஒன்று, வேலை தொடங்கும் புள்ளியான ஸீரோ தப்பு, இல்லையென்றால் மரம் சரியாகப் பிடிக்கப்படவில்லை. மற்றதையெல்லாம் மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம். இந்த இரண்டை மட்டும் முதல் நாளிலிருந்தே பழக வேண்டும்.

தச்சர் கையில் பிடித்து ஓட்டும், சுழலும் முனையால் மரத்தைக் குடையும் ரூட்டரை இங்கே மோட்டார்கள் பிடித்து ஓட்டுகின்றன, அவ்வளவுதான் சிஎன்சி. இடவலமாகப் போவது எக்ஸ், முன்பின்னாகப் போவது ஒய், மேலும் கீழும் போவது இசட். எங்கே போக வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று வரிவரியாகச் சொல்வது ஜி-கோடு. ‘ஜி1 எக்ஸ்50 எஃப்600’ என்று ஒரு வரி இருந்தால், நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகத்தில் எக்ஸ் 50 வரை வெட்டிக்கொண்டே போ என்று பொருள். ‘ஜி0’ என்றால் வெட்டாமல் முழு வேகத்தில் போ. இதையெல்லாம் மென்பொருளே எழுதித் தந்துவிடும். இருந்தாலும் ஜி0, ஜி1, மில்லிமீட்டர் கணக்கைக் குறிக்கும் ஜி21, ஸ்பிண்டிலை (பிட் என்ற வெட்டுமுனையைப் பிடித்துச் சுழற்றும் மோட்டாரை) சுழலவிடும் எம்3, நிறுத்தும் எம்5 இந்த ஐந்தையும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். ஜி21 இருக்க வேண்டிய இடத்தில் ஜி20 இருந்தால் எல்லாம் அங்குலக் கணக்காகிவிடும். கோப்பைத் திறந்து முதல் பத்து வரிகளைப் பார்க்கிற பழக்கம் இருந்தால் அது ஓடும் முன்பே கண்ணில் படும்.

எதை வாங்குவது

வீவக வீட்டுக்கு 3018 வகையில் தொடங்குங்கள் என்பது என் கருத்து. பெயரிலேயே அளவு இருக்கிறது: எக்ஸில் 300 மி.மீ., ஒய்யில் 180 மி.மீ. வரை வெட்டலாம். இசட் சுமார் 45 மி.மீ. நகரும். சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும், ஒரு ஆள் தூக்கி வைத்துவிடலாம், சமையல் மேசையில் ஒரு மூலை போதும். இதிலுள்ள ஸ்பிண்டில் பெரும்பாலும் 775 என்ற சிறிய மோட்டார்தான். சக்தி குறைவு. கடின மரத்தில் திணறும். ஆனால் சக்தி குறைந்த இயந்திரத்தில் நடக்கும் தவறுக்குச் சேதமும் குறைவு. கற்றுக்கொள்பவருக்கு அது பெரிய ஆதாயம். முழு அளவு ரூட்டர் பூட்டிய பெரிய இயந்திரம், மரத்தை அழுத்திப் பிடிக்கும் கிளாம்பில் மோதினால் அதையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு போகும்.

வாங்கும்போது விளம்பரப் படத்தை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பாருங்கள். பக்கத் தகடுகள் அலுமினியமாக இருப்பது நல்லது. பேக்கலைட்டோ பிளாஸ்டிக்கோ என்றால் வெட்டும் விசையில் வளையும். அவசர நிறுத்தப் பொத்தான் கட்டாயம் வேண்டும். மூன்று அச்சிலும் முனைக்கு வந்ததை உணர்த்தும் லிமிட் சுவிட்ச் இருந்தால், மின்சாரம் போய் வந்தாலும் ஹோமிங் செய்து, அதாவது இயந்திரத்தை அந்த முனைக்கே அனுப்பி, பழைய இடத்தை மறுபடி பிடித்துவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இரண்டு கணக்கைப் பாருங்கள். பொருள் சேவை வரி இப்போது 9 விழுக்காடு. 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு, பதிவுபெற்ற இணையக் கடைகள் வாங்கும்போதே இந்த வரியை வசூலித்துவிடும். அதற்கு மேல் போனால் இறக்குமதியின்போது கட்ட வேண்டும். இன்னொன்று மின்சாரம். நமக்கு 230 வோல்ட். பிற்பாடு பெரிய ஸ்பிண்டிலுக்கு மாற நினைத்து, அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் டிரிம் ரூட்டரை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி நேரே செருகினால் அது கருகிவிடும். இயந்திரத்தோடு வரும் அடாப்டரையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இல்லாவிட்டால், முத்திரையுள்ள, அதே வோல்ட்டும் ஆம்பியரும் தரும் ஒன்றை வாங்கிவிடுங்கள். மணிக்கணக்கில் ஓடப்போகிற பொருள். இதில் சிக்கனம் வேண்டாம்.

பழைய பொருள் விற்கும் கேரோசல் இணையத்தளத்தில் பழைய 3018கள் அடிக்கடி வரும். வாங்கிப் பெட்டியோடு வைத்திருந்துவிட்டு விற்பவர்கள் பலர். நேரில் போய் மூன்று அச்சையும் ஓட்டிக் காட்டச் சொல்லி, காதால் கேளுங்கள். கரகரவென்று தேய்ந்த சத்தம் வந்தால் விட்டுவிடலாம்.

இடம், சத்தம், தூசி

நான் வாங்கிய புதிதில் இயந்திரத்தை நேரே மேசையில் வைத்து ஓட்டினேன். எனக்கு வீட்டுக்குள் சத்தம் பெரிதாகத் தெரியவில்லை. மூன்றாவது நாள் கீழ்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) கதவைத் தட்டி, “உங்கள் துணி துவைக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டதா?” என்று கவலையோடு கேட்டார். அவர் படுக்கையறைக் கூரையில் இரண்டு மணி நேரமாக ஒரு ரீங்காரம். காற்றில் வரும் சத்தம் வேறு, தரை வழியாக இறங்கும் அதிர்வு வேறு என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. கதவைச் சாத்தினால் முதலாவது குறையும். இரண்டாவதற்கு அது உதவாது.

அதிர்வுக்கு வைத்தியம் எடை. நடைபாதைக்குப் போடும் கான்கிரீட் பலகை ஒன்றை வாங்கி, அதன் நான்கு மூலைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வைக்கும் ரப்பர் பாதங்களைக் கொடுத்து, பலகையின் மேல் இயந்திரத்தை வையுங்கள். கனம் அதிர்வை வாங்கிக்கொள்ளும், ரப்பர் மிச்சத்தைத் தரைக்கு விடாது. செய்து முடித்ததும் ஓடவிட்டுவிட்டு மக்சிக் வீட்டுக்குப் போய் நானே நின்று கேட்டேன். அதைக் கட்டாயம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் நின்றுகொண்டு இதை முடிவுசெய்ய முடியாது. இரவு 10 மணிக்குமேல் காலை 8 மணி வரை ஓட்டவே வேண்டாம். நீண்ட வேலை இருந்தால் மக்சிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

காற்றில் வரும் சத்தத்துக்கும் தூசிக்கும் ஒரே தீர்வு, ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி. முன்பக்கம் அக்ரிலிக் கதவு. தூசியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் சுருளைவிடத் தெரியாத நுண்தூள்தான் நுரையீரலுக்குள் இறங்கும். என்95 முகக்கவசம், வெட்டுமிடத்திலேயே உறிஞ்சும் குழாய், ஹெப்பா வடிகட்டியுள்ள உறிஞ்சு இயந்திரம் மூன்றும் வேண்டும். மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை நான் வீட்டுக்குள் வெட்டுவதே இல்லை. அது முழுக்க மாவாகத்தான் வரும்; பிசினில் ஃபார்மால்டிஹைடும் உண்டு. பக்கத்தில் அடுப்பு எரியும்போதும் ஓட்டாதீர்கள்.

வீட்டிலேயே இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டருக்குள் வைத்தால் சத்தமே வராதே என்று பலர் கேட்கிறார்கள். கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் சத்தத்தைத் தடுக்கும், உண்மை. காற்றையும் தடுக்கும். தூசியும் சூடும் உள்ளேயே நிற்கும் இடத்தில் நீங்கள் இரண்டு மணி நேரம் நிற்க முடியாது. நிற்காமல் தனியே ஓடவிடவும் கூடாது. வாசலுக்கு வெளியே நடைபாதையும் வேண்டாம். அங்கே 1.2 மீட்டர் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி.

பூட்டுதல்

பெட்டியில் வரும் படத்தைப் பார்த்துப் பூட்ட மூன்று மணி நேரம் ஆகும். எல்லாத் திருகையும் முதலிலேயே முறுக்கிவிடாதீர்கள். தளர்வாகப் பூட்டி, மூலைமட்டம் வைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, அவை சமமாக வந்த பின் முறுக்குங்கள். இங்கே ஒரு மி.மீ. கோணல் இருந்தால் செய்கிற ஒவ்வொரு சதுரமும் கோணலாக வரும்.

அடுத்தது அளவு சரிபார்த்தல். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் (சிறு எட்டு) வைக்கும், கட்டுப்பாட்டு அட்டை ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 துண்டாக்கும், ஆக 3,200. திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்ந்தால், ஒரு மி.மீ.க்கு 800 ஸ்டெப். இந்த எண்தான் கட்டுப்பாட்டு அட்டையில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருளின் அமைப்பில் 100, 101, 102 என்ற வரிசைகளில் எக்ஸ், ஒய், இசட்டுக்கு எழுதப்பட்டிருக்கும். 100 மி.மீ. நகரச் சொல்லி, வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். 99தான் நகர்ந்திருந்தால், 800ஐ 100ஆல் பெருக்கி 99ஆல் வகுத்து, 808.08 என்று மாற்றி எழுதுங்கள். அதற்கு முன் தண்டும் மோட்டாரும் சேரும் இணைப்பின் சிறு திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அவை தளர்ந்திருந்தால் எந்த எண்ணைப் போட்டாலும் சரிவராது.

மென்பொருளில் மூன்று கட்டம். படம் வரைவது ஒன்று, படத்தை வெட்டும் பாதையாக மாற்றுவது ஒன்று, பாதையை இயந்திரத்துக்கு அனுப்புவது ஒன்று. நான் இங்க்ஸ்கேப்பில் வரைகிறேன், கார்பைட் கிரியேட்டில் பாதை போடுகிறேன், யூனிவர்சல் ஜிகோடு சென்டர் வழியாக அனுப்புகிறேன். இணைப்பு வேகம் 115200. மடிக்கணினி தூங்கப் போகும் அமைப்பை அணைத்துவிடுங்கள். பாதி வேலையில் அது கண்ணயர்ந்தால் ஸ்பிண்டில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு மரத்தைக் கருக்கும்.

மரமும் பிட்டும்

முதல் மாதம் பைன், பாஸ்வுட் போன்ற மென்மையான மரம் போதும். சின்னச் சின்னப் பலகைகள் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் கலைப்பொருள் கடைகளில் கிடைக்கும். பெரிதாக வேண்டுமென்றால் மர வியாபாரிகளும் நாற்காலி மேசைப் பட்டறைகளும் இருக்கும் சுங்கை காடுட் பக்கம் போய், வெட்டிப்போட்ட துண்டுகள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சமையலறைக் கடையில் விற்கும் ரப்பர் மர வெட்டுப்பலகைகூட நல்ல மரம்தான். அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரக்கு வந்த பேலட் பலகை இலவசமாகக் கிடைத்தால், அதில் குத்தியிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். எச்டி என்பது வெப்பத்தால் பதப்படுத்தியது, அது சரி. எம்பி என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பதப்படுத்தியது. அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

நம் ஊர் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வெளிநாட்டில் உலர்த்தி வந்த பலகை இங்கே வந்ததும் ஈரத்தைக் குடித்து, இழைக்குக் குறுக்கே ஊதும். வாங்கிய அன்றே வெட்டினால் மறுவாரம் வளைந்து நிற்கும். எந்த அறையில் வெட்டப்போகிறீர்களோ அதே அறையில், காற்றுப் புக இடைவெளி விட்டு, ஒரு வாரமாவது வையுங்கள். திருகுத்தண்டுக்கு மாதம் ஒருமுறை மெல்லிய எண்ணெய். பிட்டுகளைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.

இயந்திரத்தோடு வரும் ஊசிமுனை பிட்டுகள் மின்சுற்று அட்டையைச் சுரண்டுவதற்கானவை. மரத்தில் நுனி ஒடிந்துவிடும். தனியாக நான்கு வாங்குங்கள்: 3.175 மி.மீ. தட்டைமுனை பிட் இரண்டு, 60 பாகை வி-பிட் ஒன்று, உருண்டைமுனை பிட் ஒன்று. தட்டையில் ஒன்று தூளை மேலே இழுப்பது, இன்னொன்று கீழே தள்ளுவது. மேலே இழுப்பது ஆழமான வேலைக்கு நல்லது, ஆனால் பலகையின் மேல்விளிம்பைப் பிசிறடிக்கும். கீழே தள்ளுவது விளிம்பைச் சுத்தமாக வைக்கும், தூள் பள்ளத்திலேயே அடைத்துக்கொள்ளும்.

வேகத்துக்கு ஒரே ஒரு கணக்கு. நிமிடச் சுற்று, பிட்டின் வெட்டுவிளிம்புகளின் எண்ணிக்கை, ஒரு விளிம்பு ஒரு சுற்றில் எடுக்கும் செதிலின் கனம் இந்த மூன்றையும் பெருக்கினால் ஓடவேண்டிய வேகம். 9,000 சுற்று, 2 விளிம்பு, 0.033 மி.மீ. செதில் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 600 மி.மீ. பைன் மரத்தில் இந்த வேகத்தோடு, பிட் பாதையில் ஒரு தடவை போகும்போது அரை மி.மீ. ஆழம் என்று தொடங்கி, நன்றாகப் போனால் ஒரு மி.மீ.க்குக் கூட்டுங்கள்.

அப்புறம் எண்ணை விட்டுவிட்டுத் தூளைப் பாருங்கள். வெட்டியதை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தால், சரியான வேகத்தில் அது துருவிய தேங்காய் போலச் சின்னச் சின்ன இழையாக, விரலில் சூடில்லாமல் இருக்கும். கோதுமை மாவு போல வந்தால் பிட் வெட்டவில்லை, உரசுகிறது. வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது சுற்றைக் குறையுங்கள். புதியவர்கள் பயந்து மெதுவாக ஓட்டுவார்கள். மெதுவாக ஓட்டினால்தான் மரம் கருகும், பிட் மழுங்கும். அந்தச் சூட்டில் உண்டான ஒரு பொறி உறிஞ்சு இயந்திரத்தின் பைக்குள் போனால் அங்கே தீப்பிடிக்கவும் கூடும். கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

ஸீரோ

ஸீரோ என்பது வேலை எங்கிருந்து தொடங்குகிறது என்று இயந்திரத்துக்குக் காட்டிக்கொடுக்கும் புள்ளி. எக்ஸும் ஒய்யும் அவ்வளவு ஆபத்தில்லை. பலகையின் முன் இடது மூலையை எப்போதும் வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒரு சிலுவைக்கோடு போட்டுவிடுங்கள். ஆபத்தெல்லாம் இசட்டில்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பாதை போட்டபோது பலகையின் மேற்பரப்பை ஸீரோ என்று வைத்திருந்தேன். இயந்திரத்தில் பிட்டை இறக்கும்போது ஏதோ யோசனையில் அடித்தட்டைத் தொட்டு ஸீரோ வைத்துவிட்டேன். கோப்பில் ‘5 மி.மீ. மேலே தூக்கிக்கொண்டு நகர்’ என்று இருக்கிறது. பலகையின் கனம் 18 மி.மீ. ஆக இயந்திரம் தன் கணக்குப்படி தூக்கிக்கொண்ட பின்னும் பிட்டின் நுனி மரத்துக்குள் 13 மி.மீ. ஆழத்தில்தான் நிற்கும். ஜி0 வரி வந்ததும் அது முழு வேகத்தில் மரத்துக்குள் இறங்கப் பார்த்தது. டப்பென்று ஒரு சத்தம். பிட்டின் பாதி மரத்தில் புதைந்திருந்தது, மீதி கண்ணில் படவில்லை. பாதுகாப்புக் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது. அந்தக் கண்ணாடியை இன்னும் வைத்திருக்கிறேன். போடாமல் ஒருநாளும் பெட்டிக் கதவைத் திறப்பதில்லை.

அதனால் நான் செய்யும் முறை இது. பாதை போடும்போதே கோப்பின் பெயரில் ‘மேல்ஸீரோ’ அல்லது ‘அடிஸீரோ’ என்று எழுதிவிடுகிறேன். ஸீரோ வைக்க ஒரு சாதாரணத் தாளை மரத்தின்மேல் வைத்து, தாளை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே பிட்டை 0.1 மி.மீ. வீதம் இறக்குகிறேன், ஸ்பிண்டில் நின்ற நிலையில். தாள் சட்டென்று பிடிபடும் இடம்தான் ஸீரோ. தாளின் கனமும் ஏறக்குறைய 0.1 மி.மீ.தான். பிறகு உடனே வெட்டாமல், அந்த இடத்திலிருந்து 20 மி.மீ. தூக்கி அங்கே தற்காலிக ஸீரோ வைத்து, முழுக் கோப்பையும் ஒருமுறை காற்றில் ஓடவிடுகிறேன். பிட் எங்கே போகிறது, கிளாம்பு வழியில் நிற்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். காற்றில் ஓடியது சரியாக இருந்தால் பிட்டை மறுபடி மரத்துக்கு இறக்கி, தாள் வைத்து உண்மை ஸீரோ. பிட்டை மாற்றினால் இசட் ஸீரோவை மட்டும் மறுபடி வைக்க வேண்டும். எக்ஸ், ஒய்யைத் தொடக்கூடாது.

மரத்தைப் பிடிப்பது

கிளாம்பு நல்லதுதான், ஆனால் சின்னப் பலகையில் வழியில் நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த வழி பட்டையும் பசையும். மாஸ்கிங் டேப்பை அடித்தட்டில் ஒட்டுங்கள், மரத்தின் அடியிலும் ஒட்டுங்கள், இரண்டு டேப்பின் முதுகுக்கும் நடுவே சூப்பர் குளூ விட்டு, ஒரு நிமிடம் அழுத்துங்கள். பிடி இரும்பு மாதிரி இருக்கும். முடிந்ததும் டேப் சுத்தமாக உரிந்து வரும். அடித்தட்டில் தூள் இருந்தால் டேப் ஒட்டாது, துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

துண்டை முழுக்க வெட்டியெடுக்கும் வேலையில், சுற்றிலும் மூன்று நான்கு இடத்தில் சின்னப் பாலங்கள் விடச் சொல்லி மென்பொருளில் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசிச் சுற்றில் துண்டு விடுபட்டுப் பிட்டோடு சேர்ந்து சுழன்று பறக்கும். பாலங்களை அப்புறம் உளியால் வெட்டி, உப்புத்தாள் போட்டுக்கொள்ளலாம்.

ஓடும்போது பக்கத்திலேயே இருங்கள், ஒரு கை அவசரப் பொத்தானுக்கு எட்டும் தூரத்தில். கையுறை போடாதீர்கள், சுழலும் பிட்டில் நூல் சிக்கினால் கையையும் இழுத்துவிடும்.

முதல் வேலை, இரண்டாம் வேலை

முருகன் சிலையை முதல் நாளே புடைப்பாகச் செதுக்க ஆசை வரும். பொறுங்கள். முதலில் 50 மி.மீ. சதுரத்தில் 2 மி.மீ. ஆழப் பள்ளம் ஒன்று. வெர்னியரால் அளந்து, 50 வருகிறதா, நான்கு மூலையும் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மூலைகள் கூராக வராது. உருளையான பிட் உள்மூலையில் தன் ஆரத்தை விட்டுத்தான் வரும். இதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டால் பின்னால் வடிவமைக்கும்போது தானாகவே கவனம் வந்துவிடும்.

இரண்டாவதாக வாசலுக்கு ஒரு பெயர்ப்பலகை, தமிழில். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாதை போடும் மென்பொருள்கள் பலவற்றில் தமிழை நேரே தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ‘கோ’ என்று அடித்தால் மூன்று துண்டும் தனித்தனியாகக் கிடக்கும். அதனால் இங்க்ஸ்கேப்பில் யுனிகோடு எழுத்துருவில் அடித்து, சரியாக வந்திருக்கிறதா என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எழுத்தைப் பாதையாக மாற்றும் கட்டளையைக் கொடுத்து, எஸ்விஜி கோப்பாகச் சேமித்துக் கொண்டுபோங்கள். அதற்கப்புறம் அது எழுத்தல்ல, வெறும் கோடு. எந்த மென்பொருளும் குழப்ப முடியாது.

தமிழ் எழுத்து வளைவானது என்பதால் சிஎன்சிக்குப் பிறந்த எழுத்து என்றே சொல்வேன். உருளையான பிட் வளைவில் அழகாகப் போகும். சிக்கல் சுழிகளில். ண, ன, ஞ, ணை போன்றவற்றின் உட்சுழி 3.175 மி.மீ. பிட் நுழைய முடியாத அளவு குறுகலாக இருந்தால், மென்பொருள் எச்சரிக்காமலேயே அதை விட்டுவிடும். ஓடி முடிந்த பின்தான் ணகரத்தில் ஒரு சுழி காணாமல் போயிருப்பது தெரியும். இதற்கு வி-பிட்தான் சரி. குறுகலான இடத்தில் ஆழம் குறைந்தும், அகலமான இடத்தில் ஆழம் கூடியும், உளியால் கல்வெட்டில் வெட்டியது போல் வரும். எழுத்தின் உயரத்தை 35 மி.மீ.க்குக் குறைக்காதீர்கள், கொஞ்சம் பருமனான எழுத்துரு எடுங்கள். எழுத்தை ஊடுருவி வெட்டியெடுக்கும் வடிவம் மட்டும் வேண்டாம்: ‘ம’, ‘ழ’ இரண்டிலும் வயிற்றின் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும்.

பல்லாங்குழி

இரண்டு பெயர்ப்பலகை செய்து கை பழகிய பின் பல்லாங்குழிக்கு வாருங்கள். 3018க்கு அளவெடுத்தது போல் பொருந்தும் வேலை இது. பலகை 300 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 18 மி.மீ. கனம். குழியின் வாய் 36 மி.மீ., ஆழம் 10 மி.மீ., குழிக்குக் குழி மையத்திலிருந்து மையம் 40 மி.மீ. ஏழு குழி வரிசை 276 மி.மீ. நீளம் பிடிக்கும், இரண்டு வரிசைக்கு அகலம் 76 மி.மீ. சுற்றிலும் 12 மி.மீ. கரை மிஞ்சும். குழி ஒரு கோளத்தின் துண்டு என்றால் அந்தக் கோளத்தின் ஆரம் 21.2 மி.மீ.

முதலில் தட்டை பிட்டால் படிப்படியாகக் குடையுங்கள், பரப்பில் அரை மி.மீ. மிச்சம் விட்டு. பிறகு உருண்டைமுனை பிட்டால், அடுத்தடுத்த கோட்டுக்கு 0.3 மி.மீ. நகர்வு வைத்து மழித்தெடுங்கள். மேலே சொன்ன வேகத்தில் பதினான்கு குழிக்கும் மூன்று மணி நேரம் ஆகும். ஒரே மூச்சில் ஓட்டாமல் குடைவது ஒருநாள், மழிப்பது ஒருநாள் என்று பிரித்துக்கொண்டால் உங்களுக்கும் கீழ்வீட்டுக்கும் நல்லது. ஆனால் இடையில் பலகையைக் கழற்றாதீர்கள்.

குழிக்குள் உப்புத்தாள் போடுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். மேசைப்பந்தின் விட்டம் 40 மி.மீ., ஆரம் 20. அதன்மேல் 180 எண் உப்புத்தாளைச் சுற்றினால் குழியில் கச்சிதமாக உட்காருகிறது. பந்தைக் கையில் பிடித்து நாலு சுற்று சுற்றினால் பிட் போன வரிகள் மறையும். அடுத்து 240. முடிவில் மினரல் ஆயில் தடவி ஒரு இரவு ஊறவிடுங்கள். சமையல் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும்.

ஆடுவதற்குச் சோழி, புளியங்கொட்டை எது வேண்டுமானாலும் போடலாம். என் பிள்ளைகள் போடுவது மஞ்சாடி, இங்கே சாகா விதை என்று எல்லோரும் சொல்லும் அதே சிவப்பு விதை. குழிக்கு ஐந்து என்றால் எழுபது.

இந்தப் பலகையைப் பார்த்ததும் மக்சிக், “இது சொங்காக் அல்லவா?” என்றார். பல்லாங்குழி போன்ற மலாய் ஆட்டம், அவர் சின்ன வயதில் ஆடியது. ஆனால் அவருடைய பலகைக்கு இரண்டு முனையிலும் ஒரு பெரிய வீட்டுக்குழி வேண்டும், ஆக நீளம் 420 மி.மீ. எக்ஸ் பக்கம் தூண்கள் இடிக்கும். பலகையை ஒய் பக்கமாக, முன்னும் பின்னும் திறந்திருக்கும் திசையில் நீளவாட்டில் வைத்து, ஒரு தடவைக்கு 180 மி.மீ.க்குள் மூன்று தடவையாக வெட்ட வேண்டும். தடவைக்குத் தடவை இடம் பிசகாமல் இருக்க, பலகையின் அடிப்பக்கத்தில் 70 மி.மீ. இடைவெளியில் 6 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டு, அடித்தட்டில் அதே இடைவெளியில் இரண்டு மரமுளைகளை நட்டுவிட்டேன். ஒரு பகுதி முடிந்ததும் பலகையைத் தூக்கி இரண்டு துளை தள்ளி நகர்த்தி, அதே ஸீரோவில் அடுத்த கோப்பை ஓடவிடலாம். பைன் துண்டில் ஒத்திகை பார்த்ததில் இணைப்பில் 0.2 மி.மீ. படி தெரிந்தது. முளை கொஞ்சம் தளர்வு. ரப்பர் மரப் பலகையில் கைவைக்கும் முன் அதை மாற்ற வேண்டும்.